குக்கர் விசிலுக்கு ஏன் எழுந்து ஓடுகிறார்?

கேள்வி:
வணக்கம் மேடம். நாங்கள் திருவொற்றியூரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 37, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பிப்ரவரியில் எண்ணூர் விரைவு சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி உரசியதில் ஆட்டோ கவிழ்ந்துவிட்டது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த காலேஜ் பையன் அங்கேயே இறந்துவிட்டான். இவருக்குச் சிராய்ப்புதான். முதல் பத்து நாள் கல் மாதிரி இருந்தார். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார், பையன் வீட்டுக் காரியத்துக்கும் போய் வந்தார். அப்புறம்தான் ஆரம்பித்தது. தூக்கத்தில் கத்துகிறார். லாரி பிரேக் காற்று விடும் 'புஸ்' சத்தம் கேட்டால் வியர்த்துக் கொட்டுகிறது. இப்போது குக்கர் விசிலுக்கே எழுந்து வாசலுக்கு ஓடுகிறார், அதனால் குக்கரை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன். நாலு மாதமாக ஆட்டோ தெருவிலேயே நிற்கிறது. ராத்திரி குடித்தால்தான் தூங்குகிறார். "முதல்ல நல்லாத்தானே இருந்தான், இப்ப நடிக்கிறான்" என்கிறார் மச்சாண்டார். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். எலிக்கு ஞாபகத்தை அழித்துவிட்டார்கள் என்று என் பையன் போனில் காட்டினான். இவருக்கும் அப்படி மறக்க மாத்திரை இருக்கிறதா? ஆட்டோவை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விடலாமா? சில ராத்திரி "அவனுக்குப் பதிலா நான் போயிருக்கலாம்" என்று வேறு சொல்கிறார்.

பதில்:
அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "நான் போயிருக்கலாம்" என்று அவர் சொல்வதைப் போதையில் உளறுவதாக விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே, குடிக்காத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" நாம் கேட்டு அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை. மனதில் அடைத்து வைத்திருப்பவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். "ஆமாம்" என்றாலும் சரி, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி, அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். நடுராத்திரி என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர் இல்லை. எலியின் மூளையில் பயம் எங்கே போய்ப் பதிகிறது, எப்படிக் கிளம்பி வருகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியாளர். உங்கள் வீட்டுக்காரருக்கு இன்ன நோய் என்று கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பதில் பாதி, நானும் என்னைப் போன்றவர்களும் ஆய்வுக்கூடத்தில் தினமும் முட்டி மோதுகிற கேள்விகள்தான்.

மச்சாண்டார் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தப் பேச்சுதான் உங்கள் வீட்டில் அதிகக் கெடுதல் செய்துகொண்டிருக்கிறது.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2005இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். எலியை ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம், அசைய முடியாதபடி பிடித்து வைத்தார்கள். அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் எலியிடம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தபோதுதான் அதனிடம் பதற்றம் கூடியிருந்தது. திறந்த வெளிக்கு வரத் தயங்கியது. மூளைக்குள் பார்த்தால், அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது, பாதாம் பருப்பு வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பயத்துக்கான மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நரம்பணுக்களின் கிளைகளில் புதிதாக முட்கள் முளைத்திருந்தன. ஒரு நரம்பணு இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும் சின்னச் சின்ன முனைகள் அவை. சம்பவத்துக்கு மறுநாள் இல்லாத முட்கள் பத்தாம் நாள் இருந்தன. அதாவது எலி 'நன்றாக இருந்த' அந்த நாட்களில் உள்ளே சத்தமில்லாமல் கட்டுமான வேலை நடந்திருக்கிறது.

எலி வேறு, மனிதன் வேறு. இந்தப் பத்து நாளும் அந்தப் பத்து நாளும் ஒன்றுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அடி பட்ட அன்றே தெரியாமல், நாள் கழித்துப் பயம் தலைதூக்குவது மனிதர்களிடமும் மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம். மச்சாண்டாரிடம் இதைச் சொல்லுங்கள். "முதல்ல நல்லாத்தானே இருந்தான்" என்பது நடிப்புக்குச் சாட்சி ஆகாது.

இப்போது குக்கருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடம் அது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலியை ஒரு பெட்டியில் விட்டு, ஒரு சத்தம் எழுப்பி, அது முடியும் நேரம் காலில் லேசாக ஷாக் கொடுப்போம். சில தடவையில் எலி கற்றுக்கொண்டுவிடும். அப்புறம் சத்தம் மட்டும் போதும், அப்படியே உறைந்து நிற்கும். மூக்கு மோந்து பார்ப்பது நிற்கும், மீசை அசைவது நிற்கும், விலா மட்டும் ஏறி இறங்கும். எத்தனை விநாடி உறைந்தது என்று வீடியோ பார்த்து எண்ணுவதுதான் என் இளமையின் பெரும்பகுதி. ஷாக் லேசாக இருந்தால் எலி கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும். ஷாக்கோடு வந்த சத்தத்துக்கு மட்டும் பயப்படும், வேறு சத்தத்துக்கு அசையாது. ஷாக் பலமாகிவிட்டால் அந்தப் பிரித்துப் பார்க்கும் திறமை போய்விடும். எந்தச் சத்தம் கேட்டாலும் உறையும். இந்தத் தாவல் அமிக்டலாவின் நரம்பணுக்களிலேயே நடப்பதை அதே பெங்களூர் ஆய்வுக்கூடம் 2015இல் பதிவு செய்து காட்டியது.

லாரி பிரேக் காற்று விடும் 'புஸ்', குக்கர் ஆவி விடும் 'புஸ்'. உங்களுக்கு இரண்டும் வேறு. அவருடைய அமிக்டலாவுக்கு இப்போது இரண்டும் ஒன்று. "குக்கர்தான்னு அவருக்குத் தெரியாதா?" என்று யாராவது கேட்பார்கள். தெரியும். நியூயார்க்கில் ஜோசப் லெடூ எலிகளில் கண்டுபிடித்த விஷயம் இது: காதில் விழும் சத்தம் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, என்ன சத்தம் என்று நிதானமாக அலசும் மேல்மூளை வழியாகச் சுற்றிக்கொண்டு. இன்னொன்று, அமிக்டலாவுக்கு நேரே போகும் குறுக்குவழி. குறுக்குவழியில் போன சேதி முதலில் போய்ச் சேர்ந்துவிடும். வாசலுக்கு ஓடி வந்து நின்ற பிறகு "சே, குக்கர்" என்று அவருக்கே வெட்கமாக இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள்.

சரி, மறக்க மாத்திரை. உங்கள் பையன் போனில் பார்த்தது பொய் இல்லை. 2000ஆம் ஆண்டு கரீம் நாடர், லெடூவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலை செய்தார். சத்தத்துக்குப் பயப்படக் கற்றுக்கொண்ட எலிக்கு அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை போட்டு நினைவைக் கிளப்பினார். உடனே, நரம்பணு புதுப் புரதம் செய்வதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவுக்குள்ளேயே செலுத்தினார். அடுத்த நாள் எலியிடம் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. நினைவைக் கிளப்பாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளிடம் பயம் அப்படியே இருந்தது. நினைவு என்பது ஒருமுறை பதிந்தால் கல்வெட்டு என்று நினைத்துக்கொண்டிருந்த எங்கள் துறையையே அது உலுக்கிவிட்டது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் இளகி, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது. இளகிய நேரத்தில் அதை மாற்ற முடிகிறது.

ஆனால் அந்த மருந்து மனிதர் மூளைக்குள் ஊசி குத்திப் போடக்கூடியது அல்ல. நெதர்லாந்தில் மெரல் கின்ட் என்பவர் 2009இல், ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரொப்ரனலால் மாத்திரையை வைத்து ஆரோக்கியமான ஆட்களிடம் இதேபோல் செய்து பார்த்தார். ஷாக்கோடு சேர்த்துக் காட்டிய படத்தைப் பார்த்ததும் திடுக்கிடுவது போய்விட்டது. ஆனால் 'இந்தப் படம் வந்தால் ஷாக் வரும்' என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. பயம் கழன்றுகொண்டது, நடந்தது மறக்கவில்லை. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது எல்லோருக்கும் இது கைகூடவில்லை. அதனால் இதை நம்பி மெடிக்கலில் போய் எதையும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அந்த மாத்திரை ஆபத்து வேறு.

நடந்ததையே அழிக்கும் மாத்திரை இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் அவர் கேட்பாரா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பையனை அடியோடு மறந்துபோக அவரே சம்மதிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மறக்க நினைத்தவர் காரியத்துக்குப் போயிருக்க மாட்டார்.

அப்படியானால் என்ன வழி? பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதுப் படிப்பை எழுதலாம். பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த காலத்திலிருந்தே தெரிந்தது இது. சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, ஷாக் வராமல் விட்டால் எலி மெல்ல மெல்ல உறைவதை நிறுத்திவிடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி அமிக்டலாவுக்கு 'பொறு, பார்க்கலாம்' என்று சொல்லப் பழகிக்கொள்கிறது. மனிதர்களுக்கான சிகிச்சையும் இந்த அடிப்படையில்தான் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு, பயப்படும் விஷயத்தின் பக்கம் படிப்படியாகப் போவது. மாத்திரைகளும் உண்டு, செர்ட்ரலின் போன்றவை. அது மனநல மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

இந்தப் புதுப் படிப்பு எதிலே தடுக்கி விழும் என்பதுதான் வீட்டில் இருக்கிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலாவது, அது இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் பயம் தெளிந்த எலியைத் தரை மாற்றி, சுவரில் வேறு வாசனை தடவி, இன்னொரு பெட்டியில் விட்டால் அதே சத்தத்துக்கு மறுபடி உறையும். டாக்டர் அறையில் தைரியம் வந்தவர் தேரடியில் நின்றால் நடுங்கலாம். சிகிச்சை தோற்றுப்போனது என்று அர்த்தமில்லை, தேரடியிலும் அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, நாள் கடந்தால் பழைய பயம் தானாகவே ஒருநாள் எட்டிப் பார்க்கும். மூன்று வாரம் நன்றாக இருந்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை கத்திக்கொண்டு எழுந்தால் "போச்சு, பழையபடி ஆயிடுச்சு" என்று நீங்களே அழுதுவிடாதீர்கள். இரண்டாம் முறை தெளிவது பெரும்பாலும் சீக்கிரம் நடக்கும்.

மூன்றாவதுதான் பரண் மேல் இருக்கிற குக்கர். அன்பினால் செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் குக்கரே கண்ணில் படாத வீட்டில் அவர் மூளைக்கு 'குக்கர் ஒன்றும் செய்யாது' என்று படிக்க வாய்ப்பே கிடைக்காது. வாசலுக்கு ஓடும் ஒவ்வொரு தடவையும் 'ஓடியதால் தப்பித்தோம்' என்ற பாடம்தான் ஏறுகிறது. முதலில் டாக்டரைப் பாருங்கள், ஆட்டோவும் சாலையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், நீங்களாக அவரை எக்ஸ்பிரஸ் சாலைக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது. குக்கரை மட்டும், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, வீட்டில் தொடங்கலாம். அவருக்குத் தெரியாமல் வைத்துச் சோதித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். "இன்னிக்குப் பருப்பு குக்கர்ல வைக்கப்போறேன், ஒரே விசில்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். அவர் முன்கூடத்தில் உட்காரட்டும், கதவு திறந்திருக்கட்டும். பிறகு ஒருநாள் சமையல்கட்டு வாசலில். பிறகு அடுப்பை அணைப்பது அவர் கையில். விசில் வந்ததும் நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும். அது கொஞ்சம் தணியும்வரை அவர் அங்கே இருப்பதுதான் மருந்து. உச்சத்தில் எழுந்து போய்விட்டால் பயம்தான் பலப்படும். முடியவே இல்லை என்றால் அடுத்த நாள் இன்னும் தள்ளி உட்காரவைத்து ஆரம்பியுங்கள். போட்டி எதுவும் இல்லை.

"ஊர்ப்பக்கம் போய் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்" என்ற யோசனைக்கும் எலிகளிடம் ஒரு பதில் உண்டு. 2002இலும் 2004இலும் வந்த பெங்களூர் ஆய்வுகள். தினமும் இரண்டு மணி நேரம் என்று பத்து நாள் தொடர்ந்து எலிகளை நெருக்கடியில் வைத்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, கடல்குதிரை மாதிரி வளைந்திருக்கும், எது எங்கே எப்போது நடந்தது என்ற நினைவுக்கான இடம், அங்கே நரம்புக் கிளைகள் சுருங்கிப்போயின. அமிக்டலாவில் கிளைகள் நீண்டு வளர்ந்தன. பிறகு 21 நாள் தொந்தரவில்லாமல் விட்டார்கள். ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அமிக்டலா வரவில்லை, வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தது. எனவே சும்மா இருந்தால் பயம் தானாகக் கரையும் என்று காத்திருக்காதீர்கள். நாலு மாதம் காத்தது போதும். ஒரு மாதத்தைத் தாண்டியும் இப்படி நீடித்தாலே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

ஆட்டோவை இப்போது விற்காதீர்கள். டியூ கழுத்தை நெரிக்கிறது என்றால், தெரிந்த டிரைவர் ஒருவருக்கு நாள் வாடகைக்கு விடுங்கள். தினம் தினம் கடன்காரர் குரல் கேட்பதும் மூளைக்கு அழுத்தம்தான், அதையும் குறைக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுவதா வேண்டாமா என்பதை, பயம் கொஞ்சம் இறங்கிய பிறகு அவர் முடிவு செய்யட்டும். ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தாலும் தவறில்லை. பயத்தில் எடுக்கிற முடிவாக இருக்க வேண்டாம் என்பதுதான் என் கவலை.

குடி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். குடித்தால் சீக்கிரம் கண் அசரும், உண்மை. ஆனால் பின்ராத்திரித் தூக்கத்தை அது உடைத்துவிடும். பகலில் படித்த புதுப் பாடம், 'குக்கர் ஒன்றும் செய்யாது' என்பது உட்பட, நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். குடித்துக்கொண்டே பயத்தைத் தெளியவைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. அதே சமயம், நாலு மாதமாகத் தினமும் குடிப்பவர் என்றால் சண்டை போட்டு ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகும். எவ்வளவு குடிக்கிறார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் மருந்தோடு நிறுத்துவார்கள். சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம், அதுவும் குடியும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

மாமியார் கட்டிய கயிறு அப்படியே இருக்கட்டும். பிள்ளைக்காக ஓடிய கால்கள் அவருடையவை. காலடிப்பேட்டையில் என் ஆத்தாவும் எனக்குக் கட்டியிருக்கிறாள், காய்ச்சலில் பிதற்றிய ஒரு ராத்திரிக்கு. கயிறு கட்டியாயிற்று, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதில் என் எலிகள் எனக்கு உதவாது. அந்தப் பையனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தது தானே என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். கடிதத்தில் நீங்கள் அப்படி எழுதவில்லை, "அவனுக்குப் பதிலா" என்ற சொல்லில் எனக்கு அது கேட்கிறது. பயத்துக்குச் செய்கிற வைத்தியம் குற்றவுணர்ச்சிக்குப் போதாது. "உன் தப்பு இல்லப்பா" என்று நூறு தடவை சொல்வதும் பெரும்பாலும் உள்ளே இறங்காது. அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பையனின் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எப்போதாவது சொன்னால், உடனே கிளம்பவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். சிகிச்சை கொடுப்பவரிடம் அதைச் சொல்லி, எப்போது, எப்படி என்று அவர்களோடு சேர்ந்து யோசியுங்கள். அந்தத் தாய்க்கும் அது தாங்க வேண்டுமே.

ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அது இருக்கும் பழைய ஜெயில் ரோடு உங்களுக்குத் தூரமில்லை. கண்டெய்னர் லாரி நிற்கிற பக்கம் போகாமல், உங்களுக்கு அருகில் இருக்கும் மெட்ரோவில் ஏறி வண்ணாரப்பேட்டை பக்கம் இறங்கிப் போங்கள், முதல் தடவை அவருக்கு அந்தச் சத்தம் வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி.யில் டாக்டருக்கு அதிக நேரம் இருக்காது, உங்கள் வீட்டுக்காரருக்கும் வாய் வராது. அதனால் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: விபத்து நடந்த தேதி, கத்தி எழுவது ஆரம்பித்த நாள், வாரத்தில் எத்தனை ராத்திரி கத்துகிறார், எந்தெந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிறார், தினம் எவ்வளவு குடிக்கிறார், "நான் போயிருக்கலாம்" என்று கடைசியாகச் சொன்னது எப்போது. மச்சாண்டாரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவர் தன் காதால் கேட்கட்டும்.